சாட்சியம் சந்தைச் சரக்கா?

"இனி எந்தக் கொடுமையையும் மூடி மறைக்க இயலாது. ஒவ்வொரு மனிதனின் கையிலும் படக்கருவி இருக்கிறது. அவன் எடுக்கும் படம் நொடிப்பொழுதில் உலகைச் சுற்றி வந்துவிடுகிறது. கொலைகாரன் ஒளிந்துகொள்ள இனி இருட்டே கிடையாது." இவ்வாறு மேடைதோறும் முழங்குகிறார்கள், ஏடுதோறும் எழுதுகிறார்கள். சமூக ஊடகத்தை ஏழையின் நீதிமன்றம் என்று போற்றுவாரும் உளர்; ஊமையின் நாவு என்று புகழ்வாரும் உளர். கற்றறிந்தோரும் இதை அப்படியே நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் வேதனை.

இக்கூற்று முழுப் பொய் என்று நாம் சொல்லவில்லை. பாதி உண்மை என்கிறோம். பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கேடு விளைப்பது. பொய்யைக் கண்டால் மனிதன் விழித்துக்கொள்கிறான். பாதி உண்மையைக் கண்டால் உறங்கிவிடுகிறான். படம் வெளிவந்துவிட்டது, உலகம் பார்த்துவிட்டது, இனி நீதி தானே நடந்துவிடும் என்பது அத்தகைய உறக்கம். வெறும் வாதங்களால் அது கலையாது. ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எடுத்து, பொன்னை உரைகல்லில் உரைப்பதுபோல் இக்கூற்றை உரைத்துப் பார்க்க வேண்டும். ரோஹிங்யா மக்களின் வரலாறே நாம் எடுத்துக்கொள்ளும் உரைகல்.

பர்மாவின் மேற்குக் கரையில், அராக்கன் என்று முன்னர் வழங்கப்பட்ட ரக்கைன் மாநிலத்தில் வாழ்ந்து வந்தவர்கள் அவர்கள். 1978 ஆம் ஆண்டு பர்மிய இராணுவ அரசு நாகமின் என்ற பெயரில் நடத்திய நடவடிக்கையால் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து வங்காளதேசத்துக்கு ஓடினர். 1982 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1991, 1992 ஆம் ஆண்டுகளில் மீண்டும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் விரட்டப்பட்டனர். 2017 ஆகஸ்டு 25 க்குப் பின் நடந்த மூன்றாவது பெரும் விரட்டலில் சில மாதங்களுக்குள் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாஃப் ஆற்றையும் எல்லையையும் கடந்தனர். முதல் ஒரு மாதத்தில் மட்டும் வன்முறையால் மாண்டோர் குறைந்தது 6,700 பேர் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கணக்கிட்டது. முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்ட ஊர்கள் குறைந்தது 392 என்று ஐக்கிய நாடுகள் அமைத்த உண்மையறியும் குழு பதிவு செய்தது.

இந்த மூன்று ஆண்டுகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1978 இல் அந்த ஊர்களில் படக்கருவியே இல்லை. 1991 இல் இருந்தாலும் அபூர்வம். 2017 இல் ஓடியவர்கள் கையிலும் கைப்பேசி இருந்தது. விரட்டியவர்கள் கையிலும் இருந்தது. எரியும் கூரைகளை வயலின் மறுபுறத்திலிருந்து மக்கள் படமெடுத்தார்கள். அவை அன்றன்றே உலகுக்கு வந்தன. படம்தான் கொடுமையைத் தடுக்கும் என்பது மெய்யானால், மூன்றாம் விரட்டல் மூன்றிலும் சிறியதாக இருந்திருக்க வேண்டும். அதுவே மூன்றிலும் பெரியதாக இருந்தது. இதற்கு என்ன விடை சொல்கிறார்கள் நம் நண்பர்கள்?

"படம் இல்லாதிருந்தால் இன்னும் அதிகமாகச் செத்திருப்பார்கள்" என்று ஒரு விடை வரும். நடக்காத ஒன்றை வைத்து வாதாடுவது எளிது. நடந்தது எது என்று பார்ப்போம். கொடுமையைக் காட்டிய அதே கருவிதான் கொடுமைக்குத் தீ மூட்டவும் பயன்பட்டது என்பதே நடந்தது.

பர்மாவில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு கைப்பேசி இணைப்புக்கான சிம் அட்டை நூற்றுக்கணக்கான டாலர் விலை பெற்றிருந்தது. 2014 இல் அயல்நாட்டு நிறுவனங்கள் இரண்டு உள்ளே வந்தன. அட்டையின் விலை ஒன்றரை டாலர் அளவுக்கு வீழ்ந்தது. ஐந்து கோடிக்கு மேல் மக்கள் கொண்ட அந்நாட்டில் 2018 வாக்கில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் முகநூலில் இருந்தனர். அரை நூற்றாண்டுக் காலம் தணிக்கை செய்யப்பட்ட ஏடுகளை மட்டுமே கண்ட மக்கள் அவர்கள். அவர்களுக்கு இணையம் என்றாலே முகநூல்தான். முகநூலில் வந்ததே செய்தி. செய்தியைச் சலித்துப் பார்க்கும் பழக்கம் வேரூன்றும் முன்பே செய்தி வெள்ளம் வந்துவிட்டது.

அச்சு வெள்ளத்தையும் அந்நாடு முன்னர் கண்டதுண்டு. அதில் நம்மவர்களும் அடித்துச் செல்லப்பட்டார்கள். 1938 ஜூலையில் இரங்கூனில் வெடித்த கலவரம் இந்தியர்களை, குறிப்பாக முஸ்லிம்களைக் குறிவைத்தது. ஒரு நூலைக் காரணம் காட்டி, சில நாளேடுகள் நாள்தோறும் எண்ணெய் ஊற்றின. பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு அவ்வேடுகளின் பங்கைச் சுட்டிக் காட்டியது. தமிழ் முஸ்லிம்கள் கடை வைத்தும், கப்பலில் சென்றும், பள்ளிவாசல் எழுப்பியும் வாழ்ந்த நகரம் அது; சோழியா பள்ளிவாசல் இன்றும் அங்கே இருக்கிறது. இந்திய வம்சத்தாரை இழிவாகக் குறிக்கப் பர்மியர் வழங்கிய 'கலார்' என்னும் சொல் அன்று தமிழனையும் சுட்டது. அச்சொல்தான் இன்று ரோஹிங்யாவைக் குறிவைக்கிறது. ஆயினும் 1938 க்கும் இன்றைக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அன்று ஏட்டுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். அச்சகத்துக்கு ஒரு முகவரி இருந்தது. எழுதியதற்குப் பதில் சொல்ல ஒருவரை அழைக்க முடிந்தது. இன்று கோடிக்கணக்கானோர் படிக்கும் ஏட்டை நடத்தும் நிறுவனம், "நாங்கள் ஆசிரியரல்லர், வெறும் மேடைதான் போட்டோம்" என்கிறது. மேடை போட்டவன் கட்டணம் வாங்கவில்லையா? கூட்டம் எங்கே அதிகம் கூடுகிறதோ அந்தப் பக்கம் விளக்கைத் திருப்பவில்லையா?

2014 ஜூலையில் மாண்டலே நகரில் ஒரு பௌத்தப் பெண்ணை முஸ்லிம்கள் இருவர் கெடுத்துவிட்டதாக ஒரு செய்தி பரவியது. விராத்து என்னும் பிக்கு அதை முகநூலில் பரப்பினார். கலவரத்தில் ஒரு முஸ்லிமும் ஒரு பௌத்தருமாக இருவர் மாண்டனர். குற்றச்சாட்டே புனைவு என்பது பின்னர் வெளிப்பட்டது. எச்சரிக்கை மணி அப்போதே அடித்துவிட்டது. நிறுவனத்தார் என்ன செய்தார்கள்? 2015 தொடக்கத்தில், வெறுப்புப் பதிவுகளைப் பார்த்து நீக்கும் வேலைக்குப் பர்மிய மொழி அறிந்தவர்கள் இருவரே அவர்களிடம் இருந்தனர் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018 இல் வெளிப்படுத்தியது. ஒரு நாட்டின் பெருந்தெருவையே வளைத்துப் போட்டவர்கள், அத்தெருவில் பேசும் மொழி தெரிந்த காவலராக இருவரை வைத்திருந்தார்கள். அந்தப் பிக்குவின் பக்கம் நிலையாக நீக்கப்பட்டதோ 2018 ஜனவரியில். அதற்குள் 392 ஊர்கள் எரிந்து முடிந்திருந்தன.

ஆட்கள் இல்லாத குறையை இயந்திரம் நிரப்பிய விதத்தைக் கேளுங்கள். பர்மாவில் காணும் கலார்களை எல்லாம் கொல்லுங்கள், ஒருவரையும் உயிரோடு விடாதீர்கள் என்னும் பொருள்படப் பர்மிய மொழியில் ஒருவர் எழுதியிருந்தார். முகநூலின் மொழிபெயர்ப்பு இயந்திரம் அதை, பர்மாவில் எனக்கு வானவில் இருக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தது. கொலைவெறி வானவில்லாகிவிட்டது! மறுபுறம், 2017 இல் 'கலார்' என்ற சொல்லையே தடுக்க முற்பட்டபோது, அவ்வெழுத்துகளைத் தம்முள் கொண்ட பருப்பின் பெயரையும் நாற்காலியின் பெயரையும் எழுதியவர்கள்கூடத் தண்டிக்கப்பட்டனர். சமையற் குறிப்பு எழுதியவனுக்குத் தடை. சங்காரத்துக்கு அழைத்தவனுக்கு வானவில். மொழியறியாக் காவலின் இலட்சணம் இது.

வெறுப்பைத் தூவியவர்கள் தெருவோரத்து அறிவிலிகள் மட்டுமல்லர். இராணுவமே ஒரு தொழிற்சாலையைப் போல் இதை நடத்தியது. நூற்றுக்கணக்கானோரை இப்பணியில் அமர்த்தி, பாடகர்கள், அழகிகள் ஆகியோர் பெயரில் பக்கங்களைத் தொடங்கி, கூட்டம் சேர்ந்த பின் அவற்றின் வழியே நஞ்சைச் செலுத்தியது என்று நியூயார்க் டைம்ஸ் 2018 அக்டோபரில் எழுதியது. மியன்மார் குற்றங்களை ஆராய ஐக்கிய நாடுகள் அமைத்த விசாரணைப் பொறியமைப்பு 2024 இல் வெளியிட்ட ஆய்வு, இராணுவத்தோடு பிணைந்த 43 பக்கங்களையும், அவற்றில் 2017 இன் பிற்பாதியில் வந்த 10,000 க்கும் மேற்பட்ட வெறுப்புப் பதிவுகளையும் எடுத்துக் காட்டுகிறது. உண்மையறியும் குழுவின் தலைவர் மர்சூகி தாருஸ்மான், மியன்மாரில் நிகழ்ந்தவற்றில் சமூக ஊடகம் முடிவைத் தீர்மானிக்கும் பங்கை வகித்தது என்று 2018 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். தாம் போதுமான அளவு செயற்படவில்லை என்று நிறுவனமும் அதே ஆண்டு நவம்பரில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது எவ்வளவு மலிவானது!

கொலைகாரனுக்கு அந்த மேடை பயன்பட்டதைக் கண்டோம். கொலையுண்டவனுக்கு எப்படிப் பயன்பட்டது? 2017 செப்டம்பரில், ஊர்கள் எரிந்துகொண்டிருந்த நாள்களிலேயே, தாங்கள் பதிந்த செய்திகளும் படங்களும் நீக்கப்படுவதாகவும், தங்கள் கணக்குகள் முடக்கப்படுவதாகவும் ரோஹிங்யாக்கள் முறையிட்டனர். கோரக் காட்சி என்பதும், தடைசெய்யப்பட்ட ஆயுதக் குழுவைப் போற்றுவது என்பதும் விதிகளில் இருக்கின்றன. பிணத்தின் படத்தைக் கண்டால் இயந்திரத்துக்கு அது கொன்றவன் போட்ட வெற்றிப் படமா, மகனை இழந்தவன் போட்ட முறையீடா என்று தெரியாது. தராசுக்குக் கண் இல்லாதிருக்கலாம், அறிவும் இல்லாதிருக்கலாமா?

இது ஒரு நாட்டின் கதை மட்டுமன்று. அதே 2017 ஆகஸ்டு மாதத்தில் உலகின் வேறு இரு மூலைகளில் நிகழ்ந்தவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆகஸ்டு 15 ஆம் நாள், லிபியாவின் பெங்காசி நகரில் ஆயுதப் படைத் தளபதியாக இருந்த மஹ்மூத் அல் வர்ஃபல்லியைக் கைது செய்ய அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. ஏழு நிகழ்ச்சிகளில் 33 பேரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. சமூக ஊடகங்களில் வெளியான படச்சுருள்களே அதற்கு முக்கிய ஆதாரம். சமூக ஊடகம் நீதிக்குத் துணை செய்கிறது என்போருக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் அதே மாதத்தில்தான், தீவிரவாதப் படங்களைக் களைவதற்கென யூடியூப் ஏவிய புதிய இயந்திர முறை, சிரியாவின் போர்க் குற்றங்களைக் காட்டிய ஆயிரக்கணக்கான படச்சுருள்களைத் துடைத்தெறிந்தது. உயிரைப் பணயம் வைத்து எடுக்கப்பட்டவை அவை. எடுத்தவர்களில் பலர் பின்னர் கொல்லப்பட்டார்கள். சிரிய ஆவணக் காப்பகத்தார் போன்றோர் போராடியதால் ஒரு பகுதி மீட்கப்பட்டது; மீளாதவையும் உண்டு. ஒரே மாதத்தில், ஒரு பக்கம் அத்தகைய படத்தைக் கொண்டு நீதிமன்றம் ஆணை எழுதுகிறது. மறுபக்கம் அத்தகைய படத்தை வணிகன் தீயிலிடுகிறான். சாட்சியம் பிழைப்பதும் சாவதும் வணிகனின் வசதியைப் பொறுத்தது என்றால், அதை நீதிமன்றம் என்று அழைக்க நாணமாக இல்லையா?

அழித்தவை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்று நிறுவனங்கள் சமாதானம் சொல்வதுண்டு. 2018 ஆகஸ்டில் பர்மியப் படைத்தலைவர் மின் ஆங் ஹிலைங் உள்ளிட்டோரின் கணக்குகளையும் பக்கங்களையும் நீக்கியபோது, அவற்றின் உள்ளடக்கத்தைப் பாதுகாத்து வைப்பதாக முகநூல் அறிவித்தது. நல்லது. யாருக்காகப் பாதுகாத்தது? இனப்படுகொலைத் தடை ஒப்பந்தத்தின்கீழ் மியன்மார்மீது 2019 நவம்பரில் உலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது காம்பியா என்னும் சிறிய ஆப்பிரிக்க நாடு. அந்நாடு 2020 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றின் வழியாக அந்த ஆவணங்களைக் கேட்டது. நிறுவனம் மறுத்து வழக்காடியது. 1986 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றைக் காட்டி, பயனாளர்களின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்றது. யாருடைய அந்தரங்கம்? உலகறிய வெறுப்பைக் கக்கிய படைத்தலைவர்களின் அந்தரங்கம்! 2021 செப்டம்பரில் ஒரு நீதிபதி ஆவணங்களைக் கொடுக்கும்படி ஆணையிட்டார். அவ்வாணையும் சில மாதங்களில் மறுஆய்வில் பெருமளவு நீர்த்துப்போயிற்று. ஐக்கிய நாடுகள் விசாரணைப் பொறியமைப்பின் தலைவர் 2020 ஆகஸ்டில், கேட்ட ஆதாரங்கள் வரவில்லை என்று வெளிப்படையாகக் குறைகூறிய பின்னரே அவ்வமைப்புக்கு முதல் தொகுதி வழங்கப்பட்டது. கோடிக்கணக்கான சாமானியர்களின் விருப்பு வெறுப்புகளை விளம்பரக்காரனுக்குப் பயன்படும்படி அளந்து வைத்து வாணிகம் செய்பவர்களுக்கு, நீதிமன்றத்தின் வாசலில் மட்டும் அந்தரங்கத்தின்மீது இத்தனை பக்தி பிறந்துவிடுகிறது.

இதுவரை வணிகனைச் சாடினோம். இனி நம் பக்கம் திரும்புவோம். கசப்பாக இருந்தாலும் சொல்லியே தீர வேண்டும்.

2012 இல் ரக்கைனில் கலவரம் மூண்டபோது ஒரு படம் உலகெங்கும் சுற்றியது. செவ்வாடைத் துறவிகள் நிற்க, அவர்கள் முன் பிணங்கள் குவிந்து கிடக்கும் படம். பர்மாவில் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் என்று அதற்கு விளக்கம் எழுதினார்கள். உண்மையில் அது 2010 இல் திபெத்தியர் வாழும் யுஷு பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் படம். அத்துறவிகள் கொலைகாரர்களல்லர், இறந்தோருக்கு இறுதிச் சடங்கு செய்ய வந்தவர்கள். 2017 ஆகஸ்டின் இறுதியில் துருக்கியின் துணைப் பிரதமரே இத்தகைய பிழையான படங்களை வெளியிட்டுவிட்டுப் பின்னர் நீக்கினார். விளைவு என்ன? சில நாள்களுக்குள் ஆங் சான் சூ கி, ரக்கைன் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பொய்த்தகவல் பனிமலைபோல் குவிகிறது என்று துருக்கி அதிபரிடம் முறையிட்டார். அப்படங்களையே சான்றாகக் காட்டினார். எரியும் ஊர்களைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியவருக்கு, பொய்ப் படங்களைப் பற்றிப் பேசும் வாய்ப்பை ரோஹிங்யாக்களின் அனுதாபிகளே தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்.

அனுதாபத்தால் செய்யப்பட்டதுதானே என்று சிலர் பரிந்து பேசுவார்கள். அனுதாபத்தால் செய்யப்படும் பொய் எவ்வகையில் புனிதமாகிறது? பர்மிய இராணுவமும் அதே வேலையைத்தான் செய்தது. 2018 ஜூலையில் அதன் மக்கள் தொடர்பு, உளவியல் போர்த்துறை ஒரு நூல் வெளியிட்டது. 1971 இல் டாக்காவில் கொல்லப்பட்டோரின் படத்தைப் போட்டு, பௌத்தர்களை ரோஹிங்யாக்கள் கொன்ற காட்சி என்றது. ருவாண்டாவிலிருந்து ஓடிய அகதிகளை 1996 இல் தான்சானியாவில் எடுத்த வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ரோஹிங்யாக்கள் பர்மாவுக்குள் நுழையும் காட்சி என்றது. 2015 இல் படகில் வெளியேறியவர்களின் படத்தையும் உள்ளே நுழைபவர்களாகக் காட்டியது. ராய்ட்டர்ஸ் இதை வெளிப்படுத்தியதும் இராணுவம் மன்னிப்புக் கோர நேர்ந்தது. அந்தப் பொய்யைக் கண்டு கொதித்தவர்கள், நிலநடுக்கத்தில் மாண்ட திபெத்தியரைப் பர்மிய முஸ்லிம்களாக்கிய பொய்யைப் பகிர்ந்ததற்காக வெட்கப்பட்டார்களா? வேறொருவரின் பிணத்தைத் திருடித்தான் நம்மவரின் சாவை நிரூபிக்க வேண்டுமா? நம்மவரின் பிணங்களுக்கா அங்கே பஞ்சம்?

அப்படியானால் கொடுமையை உண்மையில் வெளிப்படுத்துவது எது? அதற்கும் அந்த மண்ணிலேயே விடை இருக்கிறது. 2017 செப்டம்பர் 2 ஆம் நாள் இன் தின் என்னும் கடலோரச் சிற்றூரில் ரோஹிங்யா ஆடவர் பத்துப் பேர் கொல்லப்பட்டுக் குழியில் தள்ளப்பட்டனர். அவர்கள் முழந்தாளிட்டு வரிசையாக உட்கார வைக்கப்பட்ட படமும், பின்னர் குழியில் கிடந்த படமும் வா லோன், கியாவ் சோ ஊ என்னும் ராய்ட்டர்ஸ் செய்தியாளர் இருவருக்குக் கிடைத்தன. அவர்கள் அதை அந்நிமிடமே முகநூலில் வீசி எறியவில்லை. கொல்லப்பட்டவர் ஒவ்வொருவரின் பெயரையும் தேடினார்கள், குடும்பத்தாரைக் கண்டார்கள், கொன்றவர்களுக்கு உடந்தையாயிருந்த பௌத்த ஊரார் வாயிலிருந்தே செய்தியை வாங்கினார்கள். அதனால்தான் எதையும் மறுத்துப் பழகிய இராணுவம் அந்த ஒரு கொலையை மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டது. விலையையும் அவர்கள் கொடுத்தார்கள். 2017 டிசம்பரில் கைதான இருவரும் 2019 மே மாதம்வரை சிறையில் கிடந்தனர். பத்துப் பேரைக் கொன்றதற்காகப் பத்தாண்டுத் தண்டனை பெற்ற ஏழு சிப்பாய்களோ ஓராண்டுகூட முடியுமுன் விடுவிக்கப்பட்டனர். கொன்றவனைவிடக் கொலையை எழுதியவன் அதிக காலம் சிறையிலிருந்தான். மெய்யான சாட்சியத்துக்கு ஆட்சியாளன் எவ்வளவு அஞ்சுகிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

குதுபாலோங் முகாமில் வாழ்ந்த முஹிப்புல்லாஹ்வையும் நினைத்துப் பாருங்கள். அவரும் அவருடைய தோழர்களும் குடிசை குடிசையாகச் சென்று கொல்லப்பட்டோரின் பெயரை எழுதினார்கள். 10,000 க்கும் மேற்பட்ட பெயர்கள் அப்பட்டியலில் சேர்ந்தன. முகாமில் பெய்த மழையிலும் சேற்றிலும் நடந்து திரட்டியது அது. பெயர், ஊர், நாள், இறந்த விதம் ஆகியவைதாம் சாட்சியத்தின் உடல். 2021 செப்டம்பர் 29 ஆம் நாள் அவர் அதே முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பட்டியலுக்கு விருப்பக் குறி போட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதில் பொருளில்லை; அப்பட்டியலைப் படிக்கும் நீதிமன்றம் எங்கே என்று கேட்பதே பொருளுடையது.

இணையப் படங்களைச் சான்றாக ஏற்பதற்கு முறைகள் இல்லாமலில்லை. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையமும் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகமும் இணைந்து 2020 டிசம்பரில் இதற்கென நெறிமுறை ஒன்றை வெளியிட்டன. படம் எங்கிருந்து வந்தது, யார் கைமாறி வந்தது, மூலப்படி எப்படிக் காக்கப்பட்டது, எடுத்தவரின் உயிருக்கு ஆபத்து உண்டா என்பனவற்றை வரிசையாக ஆராயச் சொல்கிறது அது. முறை இருக்கிறது, உழைப்பவர்களும் இருக்கிறார்கள். மூலப்படிதான் வணிகனின் பெட்டியில் கிடக்கிறது.

இங்கே ஒரு தடை எழும். கோரப் படங்களை நீக்கக் கூடாது என்றால், சிறு பிள்ளைகளும் பார்க்கும் இடத்தில் பிணங்களைக் கிடத்தச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. காட்டுவது வேறு, காப்பது வேறு. கடைவீதியில் பிணத்தைக் கிடத்த வேண்டாம்; ஆனால் பிணப் பரிசோதனை அறிக்கையைக் கிழித்தெறியாதீர்கள் என்கிறோம். கண்ணிலிருந்து மறைப்பதற்கும் வரலாற்றிலிருந்து அழிப்பதற்கும் வேறுபாடு தெரியாதவர்களல்லர் அந்நிறுவனத்தார்.

அடுத்த தடை, அப்படியானால் அதிகாரத்தை அரசுகளிடம் கொடுத்துவிடலாமா என்பது. அதுவும் கூடாது. மியன்மார் அரசு 2019 ஜூனில் ரக்கைன், சின் மாநிலங்களின் ஒன்பது வட்டங்களில் கைப்பேசி இணையத்தைத் துண்டித்தது. அடைக்கலம் தந்த வங்காளதேசமும் அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அகதி முகாம்களின் இணையத்தை முடக்கி வைத்தது. அரசுக்கு அழிக்கும் உரிமையைக் கொடுப்பது, திருடனைப் பிடிக்கக் கொள்ளைக்காரனை அழைப்பதாகும்.

ஆகவே நாம் கோருவது மூன்று. போர்க் குற்றத்தின் சாயல் தெரியும் எந்தப் படமும் பார்வையிலிருந்து நீக்கப்படும் அதே கணத்தில், அரசும் வணிகனும் தொட முடியாத பொதுக் காப்பகம் ஒன்றுக்குச் சென்று சேர வேண்டும். இதைக் கருணையாக அன்றி அனைத்துலகச் சட்டக் கடமையாக ஆக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் விசாரணை அமைப்புகளும் உலக நீதிமன்றங்களும் கேட்கும்போது, வேறொரு நாட்டின் நீதிமன்றப் படிகளில் காத்துக் கிடக்காமல் அவை கிடைக்க வேண்டும். ஒரு மொழி தெரிந்த ஆட்களைத் தக்க அளவில் அமர்த்தாத நிறுவனத்துக்கு, அம்மொழி பேசும் நாட்டில் கடை விரிக்க உரிமை இருக்கக் கூடாது. இவை நடவாதவை என்று கைவிரிக்க வேண்டாம். பணமில்லை என்றும் சொல்ல வேண்டாம். முகநூலின் தாய் நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் ஈட்டிய நிகர இலாபம் 3,900 கோடி டாலருக்கும் மேல். முகாமில் வாழும் ரோஹிங்யா இளைஞர்கள் தங்கள் பிள்ளைகளின் கல்விக்காக அந்நிறுவனத்திடம் கேட்ட தொகை 10 இலட்சம் டாலர். அறக்கொடைப் பணிகளில் தாம் நேரடியாக ஈடுபடுவதில்லை என்று விடை வந்தது. அவர்கள் கேட்டது தருமமா? நட்ட ஈடல்லவா?

வாசகர்களிடம் நாம் கேட்பது இன்னும் சிறியது. கண்ணில் பட்ட படத்தைக் கைமாற்றுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எந்த ஊர்? எந்த நாள்? யார் எடுத்தது? விடை தெரியாவிடில் நிறுத்தி வையுங்கள். கைமாற்றாமல் விட்ட ஒரு படத்தால் எந்த அநீதியும் வளர்ந்துவிடாது. பொய்யான ஒரு படத்தால் நூறு மெய்யான படங்கள் செத்துவிடும். இன்னொன்றும் கேளுங்கள். சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்புக்கென எழுப்பிய கட்டடம் ஒன்றில் 2012 இலிருந்தே ரோஹிங்யாக் குடும்பங்கள் சில தங்கலாயின. கடல்கடந்த கொடுமையின் படத்தை நூறு பேருக்கு அனுப்பியவர்களுள் எத்தனை பேர், பேருந்து ஏறி அங்கே போய் அவர்களின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

பார்ப்பது எளிது, பகிர்வது அதைவிட எளிது. சாட்சியத்தைக் காப்பதும், சரிபார்ப்பதும், நீதிபதியின் மேசைவரை கொண்டு சேர்ப்பதும்தான் கடினம். அந்தக் கடினமான வேலையை வணிகனின் இயந்திரத்திடம் விட்டுவிட்டு, உலகம் விழித்துக்கொண்டது என்று மகிழ்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். இறந்தவர்கள் நம் பார்வையைக் கேட்கவில்லை. தங்கள் பெயர் அழியாமல் ஒரு நீதிமன்றத்தில் படிக்கப்பட வேண்டும் என்பதே அவர்கள் சார்பில் எழும் கோரிக்கை. அது நிறைவேறும்வரை எந்த ஊடகத்தையும் நீதிமன்றம் என்று அழைக்காதிருப்போம்.